கண்காட்சியிலிருந்து காலண்டர் வரை

ஜனவரி வந்தா போதும், கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற அப்பாக்கள் கையில ஒரு சுருட்டின காலண்டரோட வீட்டுக்கு வருவாங்க. அதுல தாமரை மேல நிற்கிற லட்சுமி இருந்தா, அந்த உருவத்துக்குப் பின்னாடி ராஜா ரவிவர்மா இருக்கார்.

1848 ஏப்ரல் 29, கிளிமானூரில் பிறந்தார். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்குப் போனார். அங்கே ராமசாமி நாயுடுவிடம் நீர்வண்ணம் பழகினார். எண்ணெய் வண்ண நுணுக்கம் மட்டும் சுலபமாகக் கிடைக்கவில்லை. அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார்.

1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். அதே ஆண்டு வியன்னா உலகக் கண்காட்சியிலும் விருது. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 10 ஓவியங்கள் அனுப்பினார். அங்கும் பதக்கங்கள் கிடைத்தன. சாதாரண கண்காட்சி இல்லைங்க அது! மாறுதிசை மின்சாரத்தில் ஜொலித்த வெள்ளை மாளிகைகள், உலகின் முதல் பெரிஸ் ராட்டினம், சுமார் 2.7 கோடி வருகைகள். அமெரிக்க இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் சைல்ட் ஹாசம் அதை நீர்வண்ணத்தில் தீட்டினார்.

சரி, சிகாகோ பார்த்த படத்தை நம்ம ஊர் விவசாயி எங்கே பார்ப்பார்? கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவராவ், படங்களை அச்சிட்டுப் பரப்பலாம் என்று முன்பே யோசனை சொல்லியிருந்தார். 1894-ல் தம்பி ராஜராஜ வர்மாவுடன் சேர்ந்து ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மன் இயந்திரம், ஜெர்மன் டெக்னீஷியன். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் கல்லச்சின் அடிப்படை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். ஒரு நூல் விலகினாலும் சரஸ்வதியின் மூக்கு கோணிவிடும்.

படங்கள் வீடு வீடாகப் போயின. கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத மக்களின் சுவரிலும் லட்சுமி வந்து நின்றாள். ஆனா கணக்கு இடித்தது. பம்பாயில் பிளேக், தலைக்கு மேல் கடன். 1899-ல் அச்சகம் லோனாவாலா அருகே மளவலிக்கு மாறியும் நிமிரவில்லை. கடைசியில் தன்னிடம் வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஷ்லைஷரிடமே விற்றுவிட்டார். 1906 அக்டோபர் 2-ல் காலமானார்.

கம்பெனி நடத்துறதுல ரவிவர்மா தோத்துட்டார்னு சொல்லலாம். ஆனா பதக்கம் வாங்கின கண்காட்சிகள் எல்லாம் ஆறே மாசத்துல மூடிட்டாங்க. நஷ்டத்துல போன அச்சகம் திறந்து வச்ச கண்காட்சி, நம்ம வீட்டுச் சுவர்ல ஆணி அடிச்சு இன்னும் நடந்துட்டிருக்கு.