நாவலர் பெருமானும் வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையும்

கார்த்திகை மகம் வருந்தோறும் சைவ நன்மக்கள் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களுடைய குருபூசையைக் கொண்டாடுகின்றனர். அந்நாளிலே அவர் பதிப்பித்த நூல்களைப் பற்றியும், அவர் செய்த கண்டனங்களைப் பற்றியும், அவருடைய வசனநடையின் தெளிவைப் பற்றியும் பலர் பலவாறு பேசுவர். அவை யாவும் பேசத்தக்கனவே. ஆயினும், அவற்றுக்கெல்லாம் நிலைக்களமாய் நின்றது வண்ணார்பண்ணையிலே அவர் தாபித்த ஆண்பிள்ளைகளுக்கான ஒரு பாடசாலை என்பதை நினைப்பவர் சிலரே. நூல்கள் அப்பிள்ளைகளின் பொருட்டு எழுந்தன. அச்சியந்திரம் அந்நூல்களின் பொருட்டு வந்தது. பிரசங்கம் அப்பிள்ளைகளைப் பெற்றோரின் மனத்தைத் திருத்தும்பொருட்டு நிகழ்ந்தது. ஆதலால், நாவலரவர்களை ஓர் ஆசிரியராக வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாம்.

பிறப்பும் இளமைக் கல்வியும்

நாவலரவர்கள் சித்திரபானு வருடம் மார்கழி மாதத்திலே, அஃதாவது 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 ஆந் தேதி, நல்லூரிலே கந்தப்பிள்ளை என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புத்திரராய்ப் பிறந்தார். தந்தையார் தமிழ் வல்லவர், நாடகங்கள் இயற்றியவர். ஒரு நாடகம் முற்றுப்பெறுமுன் அவர் இறந்துவிட, ஒன்பது வயதுச் சிறுவராயிருந்த நாவலரவர்களே அதனைப் பாடி முடித்தார் என்று வழங்கும். தந்தையை இழந்த அப்பிள்ளையைத் தமையன்மார் கைவிட்டாரல்லர். சரவணமுத்துப் புலவரிடத்தும் சேனாதிராச முதலியாரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்கும்படி செய்தனர்.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் முறை இன்னதென்பதை இங்கே சொல்லுதல் பொருந்தும். பிள்ளை மணலில் எழுதிப் பழகி, பின்பு ஏடும் எழுத்தாணியும் பிடிப்பான். நிகண்டையும் நீதிநூல்களையும் பொருளறியுமுன்னரே நெட்டுருச் செய்வான். உபாத்தியாயர் ஒவ்வொருவனுக்கும் தனித்தனியே பாடஞ் சொல்லுவார். நினைவாற்றல் மிகும், அது பெரும் பேறு. ஆனால், ஒரே வேளையிற் பலர் ஒரே பாடத்தைக் கேட்டு விளங்குதற்கு வகுப்பில்லை. சிறுவனுடைய வயதுக்கேற்ற வசன புத்தகம் இல்லை. பூமிசாத்திரம் முதலியன இல்லை. சமயத்தைத் தொடர்பாக எடுத்துப் போதிக்கும் முறையும் இல்லை. வீட்டிற் கண்டதும் கோயிலிற் கேட்டதுமே சமயக் கல்வியாய் இருந்தது.

பாதிரிமார் பாடசாலையில்

இக்குறைகளையெல்லாம் நிரப்பிக்கொண்டு யாழ்ப்பாணத்திலே எழுந்தவை மிசன் பாடசாலைகள். அங்கே வகுப்பு உண்டு, மணிக்கணக்கு உண்டு, அச்சிட்ட புத்தகம் உண்டு, பரீட்சை உண்டு, உத்தியோகத்துக்கு வழியாகிய இங்கிலீசும் உண்டு. அவற்றோடு விவிலிய பாடமும் நாடோறும் உண்டு. நாவலரவர்கள் இங்கிலீசு கற்கும்பொருட்டு வெஸ்லியன் மிசனாரின் யாழ்ப்பாண மத்திய பாடசாலையிற் சேர்ந்தார். பீற்றர் பேர்சிவல் என்னும் பாதிரியார் அதன் தலைவர். அவர் இம்மாணாக்கரின் கூர்மையைக் கண்டு 1841 ஆம் ஆண்டளவில் அங்கேயே ஆசிரியராக்கினார். கீழ்வகுப்பாருக்கு இங்கிலீசும் மேல்வகுப்பாருக்குத் தமிழும் கற்பித்தல் அவர் தொழில். அதனோடு, விவிலியத்தைத் தமிழிற் செப்பமாக மொழிபெயர்க்கும் வேலையிலும் பாதிரியாருக்கு அவர் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பைச் சென்னைப் பண்டிதர் பார்வைக்கு வைக்கும்பொருட்டு இருவரும் 1848 இல் அங்கே சென்றனர்.

சைவப் பற்று மிக்க ஒருவர் இவ்வேலையை ஏன் செய்தார் என்று சிலர் வினாவுவர். தமிழ் பிழையின்றி வழங்கவேண்டும் என்பது ஒருபுறம். பரசமய நூலை ஐயந்திரிபறக் கல்லாது அதனோடு வாதிடலாகாது என்பது மற்றொருபுறம். இன்னும் ஒன்று உண்டு. பாதிரிமார் பாடசாலையை எவ்வாறு நடத்துகின்றனர், ஆசிரியரை எவ்வாறு பழக்குகின்றனர், புத்தகத்தை எவ்வாறு அச்சிட்டுப் பரப்புகின்றனர் என்னும் யாவற்றையும் அவ்வாண்டுகளிலே அவர் உள்ளிருந்து கண்டார். இதனை எழுதுவோனும் இளமையில் மிசன் பாடசாலை ஒன்றிற் கற்றவனே. அங்கே பெற்ற ஒழுங்கும் நேரந்தவறாமையும் இன்றும் எனக்கு உதவுகின்றன. ஆனால் திருநீறு தரித்துச் சென்ற நாளில் நெற்றியைத் துடைக்கத் தோன்றிய கூச்சத்தையும் நான் மறந்தேனல்லேன். நன்றியும் நோவும் ஒருங்கே உடையவனுக்கே நாவலரவர்களின் அக்கால மனநிலை நன்கு விளங்கும்.

வித்தியாசாலை தோன்றிய வரலாறு

1847 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆந் தேதி வெள்ளிக்கிழமை இரவு வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் வசந்தமண்டபத்திலே நாவலரவர்கள் தம் முதற் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் பிரசங்கம் நடந்தது. நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் உடனிருந்து பேசினார். கடவுளியல்பு, விபூதி மான்மியம், சிவாலய தரிசனம், கொலை மறுத்தல், கள்ளுண்ணாமை, பிறர்மனை நயவாமை, தருமம் முதலியன அப்பிரசங்கங்களின் பொருள்களாம். பகலிற் பாதிரியார் பாடசாலையில் ஆசிரியர்; வெள்ளி இரவிற் சிவன் கோயிலிற் பிரசங்கி. இவ்விரண்டும் நெடுங்காலம் ஒத்து நடவா என்பதை அவர் அறிந்தார்.

பிரசங்கத்தைக் கேட்டோர் மனம் உருகினர். ஆனால் மறுநாட் காலையில் அவர்கள் தம் பிள்ளைகளை எங்கே அனுப்புவர்? மீண்டும் மிசன் பாடசாலைக்கே. சைவர் நடத்தும் நல்ல பாடசாலை ஒன்று இல்லாத ஊரில் வேறு வழியில்லை. ஆதலின் 1848 ஆம் ஆண்டிலே, சென்னையினின்று மீண்டபின், அவர் தம் உத்தியோகத்தை விட்டார். பேர்சிவல் பாதிரியார் வேதனத்தை உயர்த்துவதாகச் சொல்லியும் அவர் இசைந்திலர் என்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை ஆரம்பமாயிற்று. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு நிரம்பவில்லை. அவர் மணஞ் செய்துகொள்ளாது, வேதனமும் பெறாது, தம்மை முழுதும் அதற்கே உரியவராக்கினார். அவருடைய மாணாக்கராகிய நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை முதலியோர் அவருக்கு உறுதுணையாயினர்.

பாடமுறை

வித்தியாசாலையிலே அவர் செய்தது யாது? பாதிரிமாரிடத்து நல்லது என்று கண்ட முறைகளைக் கொண்டார். அம்முறைகளினுள்ளே சைவத்தையும் தமிழையும் வைத்தார். பிள்ளைகள் வகுப்பாகப் பிரிக்கப்பட்டனர். எழுத்தும் வாசிப்பும் கணிதமும் இலக்கணமும் பூமிசாத்திரமும் சமயமும் உரிய உரிய வேளையிற் கற்பிக்கப்பட்டன. ஏட்டைப் பார்த்து ஒப்புவித்தலோடு நில்லாது, பொருளை வினாவி விடைபெறுதல் போதனையின் உயிராயிற்று.

ஆனால் வகுப்பு உண்டாயின் வகுப்புக்கேற்ற புத்தகம் வேண்டும். அஃது எங்கும் இல்லை. அச்சிட்ட தமிழ்ச் சிறுவர் புத்தகங்களுட் பல மிசனாருடையவை. ஆகவே 1849 இல் நாவலரவர்கள் சதாசிவப்பிள்ளையை உடன்கொண்டு அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னைக்குப் பிரயாணஞ் செய்தார். அந்தப் பிரயாணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்து நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர். உலகம் அப்பட்டத்தை நினைக்கின்றது. அவரோ அச்சியந்திரத்தையே பெரும்பேறாகக் கொண்டு மீண்டிருப்பார் என்று கருதுவது பிழையாகாது. அவ்வியந்திரம் வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் பெயருடன் நிறுவப்பட்டது.

அங்கே முதற் பாலபாடமும் இரண்டாம் பாலபாடமும் 1850, 1851 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. பாலபாடங்களின் ஒழுங்கை ஆசிரியராயினார் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். எழுத்தும் சொல்லும் சிறு வாக்கியமுமாகத் தொடங்கி, பிள்ளையின் வயதோடு வாக்கியமும் வளர்கின்றது. கடவுள், ஆன்மா, கடவுள் வழிபாடு, கொலை, களவு, பொய், கோபம், பொறாமை, கள்ளுண்டல், சூதாடல் என ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு பாடமாய் அமைந்துள்ளது. கடினசந்திகள் பிரிக்கப்பட்டு, நிறுத்தக்குறிகள் இடப்பட்டு, சிறுவன் மூச்சு முட்டாது வாசிக்கத்தக்க வசனம் அது. பல தலைமுறையார் அப்புத்தகங்களைக் கொண்டே தமிழ் வாசிக்கக் கற்றனர்.

சமயத்துக்குச் சைவ வினாவிடை எழுந்தது. பாதிரிமார் தம் பிள்ளைகளுக்கு வினாவிடையாகச் சமயம் கற்பித்ததைக் கண்டவர், அம்முறையாலேயே பதி பசு பாசம், விபூதி, உருத்திராக்கம், பஞ்சாக்ஷரம், சிவாலய வழிபாடு என்பவற்றைச் சிறுவர் நாவில் நிலைக்கச் செய்தார். இலக்கணத்துக்கு இலக்கண வினாவிடையும் இலக்கணச் சுருக்கமும் வந்தன. 1852 இற் பெரியபுராண வசனம் வந்தது. செய்யுளிலே பண்டிதர்க்கே உரியதாயிருந்த அடியார் சரித்திரம் அதனால் மாணாக்கர் கைக்கும் இல்லத்தார் கைக்கும் எட்டியது. 1861 இல் திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்த அதே கைதான் குழந்தைகளுக்கு அரிச்சுவடிப் பாடமும் எழுதிற்று. பெரும் புலமையுடையார் சிறு பிள்ளைக்கு எழுத நாணுவர், நாவலரவர்கள் நாணிலர்.

பொருள் முட்டுப்பாடு

இவ்வித்தியாசாலைக்குத் தொடக்கத்திலே அரசினரின் உதவி இல்லை. மிசனாருக்குக் கடல் கடந்து வருவதுபோன்ற பணமும் இல்லை. பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குதல் அவர் கொள்கையன்று. வண்ணார்பண்ணை இல்லத்தார் அன்றாடம் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைத்து உதவினர் என்பர். புத்தகம் விற்ற பணமும் இதற்கே சென்றது. ஆசிரியர் பலர் சிறு வேதனத்தோடும் அஃது இன்றியும் உழைத்தனர். ஊரிலே செல்வர் இல்லாமலில்லை. கோயில் திருவிழாவிலே வாணவேடிக்கைக்கும் சதுருக்கும் பொருளை இறைத்தோர், பிள்ளைகளின் படிப்புக்கு ஈயத் தயங்கினர். இதனை நாவலரவர்கள் தம் விக்கியாபனங்களிலும் 1872 இல் எழுதிய யாழ்ப்பாணச் சமயநிலையிலும் ஒளியாது கடிந்திருக்கின்றார். அவர் பரசமயத்தாரைக் கண்டித்ததை நாம் விரும்பிப் படிக்கின்றோம். நம்மைக் கண்டித்ததை விரைந்து புரட்டிவிடுகின்றோம்.

1864 இற் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் தாபித்தார். அது பிற்காலத்தில் அவர் பெயராலேயே விளங்கும் உயர்தரப் பாடசாலையாக வளர்ந்தது. 1872 இல் வண்ணார்பண்ணையிலே சைவச் சிறுவர் இங்கிலீசு கற்றற்பொருட்டு ஒரு வித்தியாசாலை தொடங்கினார். உத்தியோக ஆசையாலன்றோ பிள்ளைகள் சமயம் விடுகின்றனர், அவ்வாசைக்குரிய கல்வியையும் நாமே கொடுப்போம் என்பது அவர் கருத்து. கருத்து நேரிது, ஆனால் பொருள் போதவில்லை. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டது. அவருடைய முயற்சிகளுள் அவர் கண்முன்னே சாய்ந்தது இஃதொன்று. 1877 ஆம் ஆண்டளவிற் பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வருத்தியபோது, அவர் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தி ஏழைகளுக்கு உணவளித்தார்.

ஒரு குறையையும் மறையாது சொல்லுதல் கடன். நாவலரவர்கள் தம் காலத்துச் சாதிவரம்பைக் கடந்தாரல்லர்; அவர் நூல்கள் அதனை வலியுறுத்துவன. அக்காலச் சைவப் பாடசாலைகளும் ஊரிலுள்ள எல்லாச் சிறுவர்க்கும் திறந்திருந்தனவல்ல. அவ்வாறு புறத்தே நின்ற பிள்ளைகளுட் பலரை ஏற்றவை மிசன் பாடசாலைகளே. குருவின் குணத்தைப் போற்றுவோர், அவர் விட்ட இடத்தை நிரப்புதலும் குருபத்தியேயாம்.

முடிவும் பின்வந்த பயனும்

பிரமாதி வருடம் கார்த்திகை மாதம், 1879 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆந் தேதி, நாவலரவர்கள் சிவபதம் அடைந்தார். வித்தியாசாலைகளையும் யந்திரசாலையையும் சதாசிவப்பிள்ளை பேணினார். நாவலரவர்கள் மறைந்து ஒன்பதாண்டின்பின் 1888 இற் சைவபரிபாலன சபை தோன்றியது. அச்சபையின் பொறுப்பில் 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நிலைபெற்றது. 1872 இல் விதைத்து முளையிற் கருகியது போலத் தோன்றியது, பதினெட்டாண்டின்பின் அவ்வூரிலேயே மரமாயிற்று. 1923 இற் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் எழுந்து, ஊர்தோறும் சைவப் பாடசாலைகளை நாட்டியது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றபோது, மிசனாருடைய பாடசாலைகளோடு சைவருடைய பாடசாலைகளும் அரசுக்குரியனவாயின. நூறாண்டின் மேலாகப் பிடியரிசியாலும் வியர்வையாலும் வளர்ந்த அந்தச் சொத்து கைமாறிற்று.

கட்டடம் கைமாறினும் கடமை கைமாறுவதில்லை. பாடசாலையிற் சைவபாடம் கற்பிக்கும் ஆசிரியர், பரீட்சைப் புள்ளியின் பொருட்டு மாத்திரம் கற்பிப்பாராயின், நாவலரவர்கள் ஒழிக்க முயன்ற வெற்று நெட்டுரு மீண்டும் வந்ததாகும். பெற்றோர் பிள்ளையை வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அழைத்துச் செல்லாது, எல்லாவற்றையும் ஆசிரியர்மேற் சுமத்துவாராயின், சிவன் கோயில் வசந்தமண்டபத்தில் நடந்த பிரசங்கம் இன்னும் அவர்கள் செவிக்கு எட்டவில்லை என்பதே பொருளாம். செல்வர் திருவிழாச் செலவில் ஒரு பங்கையேனும் ஏழைப் பிள்ளைகளின் புத்தகத்துக்கு ஒதுக்குவாராயின், அதுவே சிறந்த குருபூசை.

இருபத்தாறு வயது நிரம்பாத ஓர் ஆசிரியர், நல்ல வேதனத்தை விட்டு, ஒரு பிடியரிசியை நம்பி ஒரு பாடசாலையைத் திறந்தார். அவருக்கு இருந்த வசதி நமக்கு இல்லையென்று நம்முள் யார் சொல்ல வல்லார்? அவருக்கு இருந்த துணிவு நமக்கும் உண்டாகும்படி கூத்தப்பிரான் திருவருள் புரிக.