ஒரு அணா சிற்றுண்டியும் சர் பிட்டி தியாகராயரும்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



நமது ஆண்டு மலருக்கு ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி யூனியன் செயலாளர் அண்ணன் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் காமராசரை ஒருத்தன் எடுத்துக்கொண்டான். அப்துல் கலாமை ரெண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். விவேகானந்தரும் போய்விட்டார். யாரை எழுதுவது என்ற யோசனையோடு தி.நகர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனபோதுதான் திடீரென்று தோன்றியது. தி.நகர் என்றால் தியாகராய நகர். அந்தத் தியாகராயர் யார்? பக்கத்தில் நின்ற நண்பனைக் கேட்டேன். பாகவதர்டா, அந்தக் காலத்து சினிமா நடிகர் என்று சட்டென்று சொன்னான். நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கப் போகும் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான் இருக்கும்.

அவர் சர் பிட்டி தியாகராயர். 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தவர். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம், நெசவுதான் குலத்தொழில். வசதியான வீடு. அந்தக் காலத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்போதே சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1876ல் பி.ஏ. பட்டம் வாங்கினார். படித்தவுடன் சர்க்கார் உத்தியோகம் தேடி ஓடவில்லை. தறியையும் தோலையும் நம்பி வியாபாரத்தில் இறங்கினார். வடசென்னையில் நெசவுச் சாலை வைத்து, கையால் நாடாவைத் தள்ளும் பழைய தறிக்குப் பதிலாக, கயிற்றை இழுத்தால் நாடா தானே பறந்து மறுபக்கம் போகும் புதுமாதிரித் தறிகளை ஓட்டினார். மெக்கானிக்கல் படிக்கும் எனக்கு அவர் மேல் முதல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான். 1909ல் தென்னிந்திய வர்த்தக சபையைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரும் இவரே.

எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைப்பாகை. அதனால்தான் வெள்ளுடை வேந்தர் என்ற பட்டப்பெயர். 1916ல் டி.எம்.நாயர், நடேச முதலியார் ஆகியோருடன் சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதுவே பிறகு நீதிக்கட்சி ஆயிற்று. 1920 கடைசியில் நடந்த தேர்தலில் அந்தக் கட்சி ஜெயித்தது. முதன் மந்திரி பதவி தேடி வந்தது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இதையெல்லாம் பாடப்புத்தகத்திலும் பொது அறிவு கையேட்டிலும் படித்துக்கொள்ளலாம். நான் எழுத வந்தது வேறு.

தியாகராயர் 1882ல் சென்னை நகராண்மைக் கழகத்தில், அதாவது இன்றைய மாநகராட்சியில், உறுப்பினராக நுழைந்தார். சுமார் 40 வருடம் அங்கேயே இருந்தார். ஒரு மனுஷன் 40 வருடம் சாக்கடை, தெருவிளக்கு, குடிதண்ணீர், குப்பை வண்டி இதையே பேசிக்கொண்டு இருந்திருக்கிறார் என்றால் அந்தப் பொறுமை லேசானதல்ல. அதுவரை தலைவர் நாற்காலியில் அரசு அனுப்பும் அதிகாரிகளே உட்கார்ந்து வந்தார்கள். 1919ல் நகராண்மைச் சட்டம் மாறிய பிறகு, அதிகாரி அல்லாத முதல் தலைவராக தியாகராயர் வந்தார். 1922 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மேயர் என்ற பெயரெல்லாம் 1933ல்தான் வந்தது.

அந்த 1920லேயே சென்னை தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் கட்டாயக் கல்வி கொண்டுவரலாம், கல்விக்கு என்று தனி வரி போடலாம், அதற்குத் தனி நிதி வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அதாவது நகரத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு நகரமே கணக்கு வைத்துக்கொள்ள வழி பிறந்தது. பணம் உள்ளவர்கள் பிள்ளைகளை மிஷன் பள்ளிக்கும், பீஸ் வாங்கும் பள்ளிக்கும் அனுப்பினார்கள். நகராண்மைப் பள்ளிக்கு வந்தது கூலிக்காரன் பிள்ளையும், வண்டிக்காரன் பிள்ளையும்.

வந்தார்கள் என்று எழுதிவிட்டேன். உண்மையில் ஒழுங்காக வரவில்லை என்பதுதான் பிரச்சினை. கட்டடம் இருந்தது, வாத்தியார் இருந்தார், கரும்பலகை இருந்தது. பையன்கள் எண்ணிக்கை மட்டும் அடிக்கடி குறைந்துகொண்டே போனது. ஆயிரம் விளக்கில் இருந்த நகராண்மைப் பள்ளியில் இதைக் கவனித்தார் தியாகராயர். வேறு யாராவது இருந்தால் பெற்றோருக்கு அபராதம் போடு, வாத்தியாரை மாற்று என்று சொல்லியிருப்பார்கள். படிப்பின் அருமை தெரியாத ஜனங்கள் என்று திட்டிவிட்டு அடுத்த அஜெண்டாவுக்குப் போயிருப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. பிள்ளைகள் ஏழைகள், பசியோடு வர முடியாமல்தான் நிற்கிறார்கள் என்று நினைத்தார். 1920 செப்டம்பரில் மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. ஆயிரம் விளக்குப் பள்ளி மாணவர்களுக்கு நகராண்மைச் செலவில் சிற்றுண்டி கொடுக்க வேண்டும். செலவு ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது.

ஒரு அணா என்றால் இப்போதைய பசங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, கணக்கு சாரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பதினாறு பிள்ளைகள் வயிற்றுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ரூபாய். இவ்வளவுதான் திட்டம். பெரிய அறிக்கை இல்லை, கமிட்டி இல்லை, வெளிநாட்டு நிபுணர் இல்லை. அகவிலை பார்த்து நடக்கிற ஒரு வியாபாரி போட்ட கணக்கு.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்தில் நகராண்மைத் தேர்தலில் வரி கட்டுகிறவர்களுக்கும் சொத்து உள்ளவர்களுக்கும்தான் ஓட்டு. ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி சாப்பிட்ட பிள்ளைகளின் அப்பாக்கள் பெரும்பாலோருக்கு ஓட்டே இருந்திருக்காது. ஓட்டுக்காகச் செய்தார் என்று யாரும் வாய் திறக்க முடியாது. வரி கட்டினவன் பணத்தை ஓட்டு இல்லாதவன் பிள்ளைக்குச் செலவு பண்ணுவதற்கு மன்றத்தின் சம்மதம் வாங்கினார் என்பதுதான் என்னை ஆச்சரியப்பட வைத்தது.

திட்டம் அந்த ஒரு பள்ளியோடு நிற்கவில்லை. மேலும் நாலு பள்ளிகளுக்குப் பரவியது. சிற்றுண்டி போட்ட ஐந்து பள்ளிகளிலும் பிள்ளைகள் எண்ணிக்கை இரண்டே வருடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. அதே நகரம், அதே ஜனங்கள், அதே வாத்தியார்கள். டீசல் இல்லாத இன்ஜினை நாள் பூரா கிராங்க் பண்ணிக்கொண்டு, இன்ஜின் சரியில்லை என்று சொல்வதுபோல்தான் அதுவரை பிள்ளைகளைக் குறை சொல்லியிருக்கிறார்கள்.

இது எனக்கு எப்படிப் புரிகிறது என்றால், எங்கள் வீட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. எங்க பாட்டி பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை. அம்மா அஞ்சாவது வரை படித்தார்கள். அதுவும் 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்த பிறகு, மத்தியானச் சோத்துக்காகத்தான் போனேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆறாவதுக்குப் பள்ளி தூரம், தம்பி தங்கச்சியைப் பார்க்க ஆள் இல்லை, நின்றுவிட்டார்கள். நான் பத்தாவது வரை சத்துணவு சாப்பிட்டவன். எட்டாவது படிக்கும்போது டிபன் பாக்ஸ் கொண்டு வருகிற பசங்க, தட்டு தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பையிலிருந்து தட்டை எடுக்கும்போது சத்தம் வராமல் எடுக்கப் பழகியிருந்தேன். முட்டை போடுகிற நாளில் மட்டும் வெட்கம் கொஞ்சம் குறையும். அந்தத் தட்டு இல்லாவிட்டால் இந்த மலரில் நான் எழுதுகிற பேச்சே இல்லை. நான்தான் எங்கள் வீட்டில் முதல் டிப்ளமோ.

தலைவரைப் பற்றி எழுதும்போது நல்லதை மட்டும் எழுது என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. 1921ல் பெரம்பூர் பக்கம் பின்னி ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் திரும்பவில்லை. அது சாதிச் சண்டையாக மாறிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த நேரத்தில் தியாகராயரும் அவர் கட்சித் தலைவர்களும் ஆதிதிராவிட மக்கள் பக்கம் நிற்கவில்லை. அவர்களுக்கு அரசு செல்லம் கொடுத்ததுதான் காரணம் என்று பழியை அந்தப் பக்கமே போட்டார்கள். இதனால் மனம் வெறுத்து எம்.சி.ராஜா 1923ல் நீதிக்கட்சியை விட்டே வெளியேறினார். ஆயிரம் விளக்கில் ஏழைப் பிள்ளையின் பசியைப் பார்த்த அதே கண்ணுக்குப் புளியந்தோப்பு ஏன் தெரியவில்லை? நான் இதை எத்தனையோ தடவை யோசித்தேன். அதற்கும் இதற்கும் ஒரு வருஷம்கூட இடைவெளி இல்லை. இதை மறைத்துவிட்டுச் சிற்றுண்டியை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. சிற்றுண்டியை மறந்துவிட்டு இதை மட்டும் எழுதினாலும் நியாயம் ஆகாது.

கடைசிக் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கக் கல்வி நிதி என்பது கல்விக்கு மட்டும்தான், சோறு போடுவதற்கு அதிலிருந்து பணம் எடுக்கக்கூடாது என்று மாகாண அரசு சொல்லிவிட்டது. 1925 ஏப்ரல் 1 முதல் பள்ளிச் சிற்றுண்டி நின்றது. பெஞ்சு வாங்கலாம், சாக்பீஸ் வாங்கலாம், பெஞ்சில் உட்காருகிறவனின் வயிறு மட்டும் கல்விக் கணக்கில் வராது. வேடிக்கை என்னவென்றால் அப்போது மாகாணத்தில் மந்திரிகளாக இருந்தவர்கள் நீதிக்கட்சிக்காரர்களேதான். சொந்தக் கட்சி ஆட்சியிலேயே தலைவர் தொடங்கிய வேலையைக் கணக்குப் புத்தகம் நிறுத்திவிட்டது. அதே 1925லேயே தியாகராயர் காலமானார். வயது 73. புதிதாக உருவாகிக்கொண்டிருந்த குடியிருப்புப் பகுதிக்கு அவர் பெயர் வைத்தார்கள். அதுதான் நம்முடைய தி.நகர். வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் 1950ல் ஒரு கல்லூரியும் வந்தது.

சிற்றுண்டித் திட்டம் பிறகு சில பள்ளிகளில் மீண்டும் உயிர் பெற்றது. ஆனால் மாநிலம் முழுக்க ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு என்று வருவதற்குக் காமராசர் காலத்தில் 1956 வரை காத்திருக்க வேண்டி வந்தது. நடுவில் 31 வருஷம். அந்த 31 வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் பள்ளி வாசலோடு திரும்பினார்களோ, அதில் எங்கள் கொள்ளுத் தாத்தாவும் ஒருவராக இருக்கலாம். 2022ல் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கினார்கள். நூறு வருஷத்துக்கும் கொஞ்சம் மேலே கழித்துப் பழைய ஆயிரம் விளக்குத் தீர்மானத்துக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

போன மாதம் ஒரு சான்றிதழ் வேலையாக ரிப்பன் மாளிகைக்குப் போயிருந்தேன். அங்கே தியாகராயர் சிலை இருக்கிறது. இதுக்கு முன்னாலும் அந்த வழியாகப் போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. இந்தத் தடவை ஐந்து நிமிடம் நின்றேன். செக்யூரிட்டி அண்ணன் என்ன வேணும் தம்பி என்கிற மாதிரி பார்த்தார், நகர்ந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சத்துணவுத் தட்டு விஷயத்தை ஏன்டா எழுதினே என்று கொஞ்சம் கோபப்பட்டார்கள். அப்புறம் அந்த ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்து ஒரு அணாவுக்கு என்ன கொடுத்திருப்பாங்க, இட்லியா உப்புமாவா என்று கேட்டார்கள். அந்த விவரம் நான் படித்த எதிலும் இல்லை. எதுவானாலும் சூடாக் கொடுத்திருந்தால் சரி என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.