ஏரியைப் படம் பிடித்த மனிதர்



நீங்கள் ஆசை ஆசையாக வரைந்து நிரப்பிய ஓவிய நோட்டு தீயில் எரிந்துபோனால் என்ன செய்வீர்கள்? அழுவீர்கள். இனிமேல் வரையவே மாட்டேன் என்றுகூடச் சொல்வீர்கள். வாழ்நாள் உழைப்பு முழுவதும் தீயில் கருகியும், மறுபடி முதலிலிருந்து தொடங்கிய ஒருவரின் கதை இது. அவர் பெயர் ஒலேகாஸ் ட்ருகானாஸ்.

இவர் 1923-ஆம் ஆண்டு ஐரோப்பாவில் உள்ள லித்துவேனியா நாட்டில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் இவரை அகதியாக்கியது. போர் முடிந்தபின் கப்பலேறி ஆஸ்திரேலியா வந்தார். அந்நாட்டின் தெற்கே கடலுக்குள் இருக்கும் டாஸ்மேனியா தீவில் குடியேறினார். முதலில் துத்தநாக ஆலையில் தொழிலாளி. பிறகு அரசின் நீர்மின் நிறுவனத்தில் எழுத்தர்.

விடுமுறை கிடைத்தால் போதும், முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தீவின் தென்மேற்குக் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே சாலை கிடையாது, ஊர் கிடையாது. ஓயாத மழை, குளிர், வழுக்கும் பாறைகள். 1958-ல் சிறு படகில் தன்னந்தனியாகப் பெடர் ஏரியிலிருந்து கிளம்பி, கார்டன் ஆறு வழியாக மேற்குக் கடற்கரை வரை சென்றார். அதற்கு முன் யாரும் அப்படிச் சென்றதில்லை!

போன இடமெல்லாம் கேமராவும் கூடவே போனது. இப்போது செல்போனில் நூறு படம் எடுத்து, பிடிக்காததை அழித்துவிடுகிறோம். அப்போது அப்படி முடியாது. பிலிம் சுருளில் சில படங்கள்தான் எடுக்கலாம். வீடு திரும்பிக் கழுவிப் பார்த்தால்தான் படம் வந்ததா, இல்லையா என்று தெரியும். மேகம் விலக, வெயில் வர, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

1967 பிப்ரவரி 7. டாஸ்மேனியாவில் பெரும் காட்டுத் தீ மூண்டது. 62 பேர் இறந்தனர். ட்ருகானாஸின் வீடும் எரிந்தது. பல ஆண்டுகளாகச் சேர்த்த படங்கள் அத்தனையும் சாம்பல்!

அவர் சோர்ந்து உட்காரவில்லை. எடுத்த இடங்களுக்கே திரும்ப நடந்தார். ஏன் தெரியுமா? அவர் நேசித்த பெடர் ஏரிக்கு ஆபத்து வந்திருந்தது. இளஞ்சிவப்பு மணற்கரை கொண்ட அழகிய ஏரி அது. கோடையில் அந்த மணலில் சிறு விமானங்கள்கூட இறங்கும். மின்சாரத்துக்காக அணைகள் கட்டி அதை மூழ்கடிக்க முடிவாயிற்று. முடிவெடுத்தது வேறு யாருமல்ல, அவர் சம்பளம் வாங்கிய அதே நிறுவனம்!

எவ்வளவு இக்கட்டான நிலை பாருங்கள். அவர் சண்டை போடவில்லை. படங்களையே பேச வைத்தார். 1971-ல் ஹோபார்ட் நகர மன்ற அரங்கில், இசையோடு சேர்த்து ஏரியின் படங்களைத் திரையில் காட்டினார். அரங்கம் நிரம்பி வழிந்தது. கண்ணால் பார்க்காத ஏரிக்காக மக்கள் கண் கலங்கினர்.

ஆனாலும் 1972-ல் ஏரி நீரில் மூழ்கியது. அதைக் காண அவர் உயிருடன் இல்லை. நீரில் மூழ்கவிருந்த கார்டன் ஆற்றுப் பகுதியைப் படம் எடுக்கச் சென்றவர், 1972 ஜனவரி 6 அன்று கால் வழுக்கி ஆற்றில் விழுந்து இறந்தார். வயது 48. அவரைத் தேடிக் கண்டெடுத்தவர், அவரிடம் பாடம் கற்ற பீட்டர் டோம்ப்ராவ்ஸ்கிஸ் என்ற இளைஞர்.

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. டெனிசன் ஆற்றங்கரையில் மிகப் பழைமையான ஹுவான் பைன் மரக்காடு ஒன்றைக் கண்டு, அதைப் பாதுகாக்கச் செய்தவர் அவரே. அக்காடு அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. பிறகு பிராங்க்ளின் ஆற்றுக்கும் அணைத் திட்டம் வந்தது. அப்போது மாணவர் டோம்ப்ராவ்ஸ்கிஸ் எடுத்த ஆற்றுப் படம் ஒன்று நாடெங்கும் மக்களைத் தட்டி எழுப்பியது. 1983-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அத்திட்டம் நின்றது. குரு தொடங்கியதைச் சீடர் முடித்தார்!

செல்வங்களே, உங்கள் ஊரிலும் ஒரு குளமோ, பழைய ஆலமரமோ இருக்கும். இந்த வாரம் அருகில் போய் நின்று நன்றாகப் பாருங்கள். வரையுங்கள், அல்லது அப்பா அம்மாவிடம் கேட்டு ஒரு படம் எடுங்கள். நன்றாகப் பார்த்த ஒன்றை அழிய விட யாருக்கும் மனம் வராது.