கோயில்களின் வயதைக் கணித்த பேராசிரியர்

கரிக்கலாம்பாக்கத்து அன்பர்கள் பாகூர் மூலநாதர் ஸந்நிதிக்குச் செல்வது புதிதன்று. இனிச் செல்லுங்கால், தூணின் தலைமேல் உத்தரத்தைத் தாங்கும் போதிகையையும் சற்று அண்ணாந்து நோக்குமாறு வேண்டுகிறோம். அச்சிறு உறுப்பைக் கொண்டே கோயிலின் காலத்தை நிர்ணயிக்கலாமென்று உலகுக்குக் காட்டியவர், நமது புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர்.

கபிரியேல் ஜூவோ துப்ரேய் 1885-இல் ஸைகோன் நகரிற் பிறந்து, 1909-இல் புதுச்சேரிக் கலாசாலைக்கு வந்தார். கற்பித்தது விஞ்ஞானம், மனம் பற்றியதோ கோயிற் சிற்பம். கிரேக்கரது தூண்களை மூவகையாகப் பகுத்து, அவற்றின் வளர்ச்சியை ஐரோப்பியப் பண்டிதர் முன்னரே நுணுகி ஆராய்ந்திருந்தனர். நம் கோயில்களுக்கு அத்தகைய ஆராய்ச்சி வாய்க்கவில்லை. துப்ரேய், சாஸனங்களால் காலம் தெரிந்த கோயில்களை முதலில் வரிசைப்படுத்தி, உறுப்புக்களின் மாறுதலைக் கவனித்தார். பல்லவர் போதிகை அலையலையாய் உருண்டு வளையும். சோழர் காலத்தில் அது சரிவாக வெட்டப்பெற்று நடுவே முனை நீளும். விஜயநகர காலத்திலோ கீழ்நோக்கித் தொங்கும் மொட்டாகிவிடும். கூட்டின் உச்சியும் அவ்வாறே. பல்லவர் கூட்டில் மண்வாரி போன்ற தலை, சோழர் கூட்டில் சிம்ம முகம். ஆகவே சாஸனமற்ற கோயிலும் தன் வயதைத் தானே சொல்லும். தமிழர் சிற்பம் பல்லவர் முதல் இன்றுவரை இடையறாது தானே வளர்ந்ததென்பது அவர் கண்ட முடிவு. அந்நியரிடம் இரவல் பெற்றோமென்று நம்மையே நம்பவைத்திருந்த காலத்தில் இது சிறு உதவியன்று.

இவ்வாராய்ச்சி 1914-இல் பாரிஸில் இரு பாகங்களாக வெளிவந்தது, 1917-இல் எஸ். கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் பதிப்பில் ஆங்கிலத்திலும் வந்தது. சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றி 1920-இல் எழுதினார். காஞ்சிக் கைலாஸநாதர் கோயில் ஓவியங்களை 1931-இல் கண்டறிந்தார். 1937-இல் அரிக்கமேட்டில் கிடைத்த ஒரு மணிக்கல்லில் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் முகத்தைக் கண்டதாகக் கூறி, யவனர் வாணிபத்தின் சுவட்டைச் சுட்டினார். 1945-இல் வீலர் அங்கே அகழ்ந்தார்; அவ்வாண்டிலேயே துப்ரேய் காலமானார்.

இத்துடன் நிறுத்தினால் நாம் நேர்மையாக எழுதியவராக மாட்டோம். காஞ்சிப் பகுதியிற் கிடைத்த யோகினித் தேவியரின் சிலைகளை 1926-இல் பாரிஸ் வியாபாரி ஸி. டி. லூவுக்கு அனுப்பிவைத்தவரும் இவரே. அவை பாரிஸ், லண்டன், டொரான்டோ, வாஷிங்டன் முதலிய நகரங்களுக்குச் சிதறின. சட்டவாதத்தில் நாம் இறங்கவில்லை. தொன்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தவென்று இந்தியாவில் தனிச் சட்டம் பிறந்தது 1947-இல்தான். ஆனால் கல் இருந்த இடமும் ஒரு சாட்சியமென்பதை அவரினும் நன்கறிந்தவர் யார்? அத்தேவியர் எந்தக் கோயிலில், எவ்வரிசையில் வீற்றிருந்தனரென்று இன்று எவராலும் அறுதியிட்டுச் சொல்லக்கூடவில்லை.