அரசமரக் கிளையோடு கடல் தாண்டியவர்

அசோகச் சக்கரவர்த்தியைப் பள்ளிக்கூடத்தில் படிச்சிருக்கோம். அவர் மகள் சங்கமித்தையைப் பத்தி நமக்கு அவ்வளவா தெரியாது. 2,200 வருஷத்துக்கு முந்தின கதை இது. இலங்கையின் பழைய நூலான மகாவம்சம் சொல்லுது.

கல்யாணமாகி ஒரு மகன் பிறந்த பிறகு, 18 வயசில் அவங்க பிக்குணி ஆனாங்க. அண்ணன் மகிந்தர் புத்தர் வழியைச் சொல்ல இலங்கை போனார். அங்கே அனுலா என்ற ராஜவீட்டுப் பெண், இன்னும் 500 பெண்களோடு, நாங்களும் துறவியாகணும்னு கேட்டாங்க. பெண்ணுக்குத் துறவு கொடுக்க ஆண் துறவிக்கு அதிகாரம் இல்லை. என் தங்கை வரணும், அவளை அழையுங்கன்னு மகிந்தர் சொல்லிட்டார். அதுவரைக்கும் அந்தப் பெண்கள் விரதமிருந்து காத்திருந்தாங்க.

மகனும் பேரனும் ஏற்கெனவே போயிட்டாங்க, நீயுமான்னு அசோகர் கலங்கினார். பெத்த மனசு, சக்கரவர்த்தியா இருந்தா என்ன? ஆனா அங்கே அத்தனை பெண்கள் காத்திருக்காங்கன்னு மகள் கிளம்பிட்டாங்க. புத்தர் ஞானம் பெற்ற அரசமரத்தின் கிளை ஒண்ணைத் தங்கத் தொட்டியில் வைத்து, கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பக்கம் ஜம்புகோளத் துறையில் இறங்கினாங்க. அனுலாவும் மத்தவங்களும் அவங்க கையால துறவு வாங்கினாங்க.

அப்பா ஊருக்குத் திரும்பலை. கடைசி வரை அனுராதபுரத்திலேயே இருந்தாங்க. நம்ம ஊரில் பிள்ளை வரம் கேட்டுச் சுத்துற அதே அரசமரம்தான். அவங்க கொண்டுபோன மரம் இன்னும் அங்கே இருக்கு, கிளைகளுக்கு முட்டுக் கொடுத்துக் காப்பாத்துறாங்க.