கம்பளி நூற்ற இராஜகுமாரி



அங்கேரி தேசத்து அர்ச். எலிசபெத்தம்மாளின் படத்தை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். தலையில் கிரீடம்; மடி நிறைய ரோஜாப் பூக்கள். ஏழைகளுக்கென்று அவள் மறைத்து எடுத்துச் சென்ற அப்பங்கள் பூக்களாக மாறின என்பது பிற்காலத்தில் வழங்கிய கதை. அவள் மரித்து நான்கு வருஷங்களுக்குள்ளாக, அவளோடு கூட வாழ்ந்த நான்கு பெண்கள் திருச்சபையின் விசாரணையாளர் முன்னிலையில் சாட்சி சொன்னார்கள். குடா, ஈசன்துரூத், இர்ம்கார்த், எலிசபெத் என்பன அவர்கள் பெயர்கள். அந்தச் சாட்சியத்தில் ரோஜாப் பூவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கம்பளி நூலைப் பற்றியும், ஒட்டுப்போட்ட துணியைப் பற்றியும், குளிரில் கிடந்த ஏழைகளைப் பற்றியும் நிறைய இருக்கிறது. அதையே இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எலிசபெத்தம்மாள் 1207-ம் வருஷம் அங்கேரி மன்னர் இரண்டாம் அந்திரேயாவின் மகளாகப் பிறந்தாள். நான்கு வயதில், 1211-ல், ஜெர்மனியிலுள்ள துரிங்கிய நாட்டு அரண்மனைக்கு வருங்கால மருமகளாக அனுப்பப்பட்டாள். 1221-ல், பதினான்காம் வயதில், அந்நாட்டுப் பிரபுவாகிய லூத்விக்கை மணந்தாள். அவர்கள் வாழ்ந்த வார்ட்பர்க் கோட்டை உயர்ந்த மலையின்மேல் இருந்தது. அடிவாரத்தில் ஐசனாக் நகரம். அந்த நாட்டுக் குளிர் நம்முடைய மார்கழிப் பனியைப் போன்றதல்ல. கூரையும் போர்வையும் இல்லாதவன் இரவு தூங்கினால் காலையில் எழுந்திருப்பான் என்பது நிச்சயமில்லை.

கோட்டையிலே பணிப்பெண்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் எலிசபெத்தம்மாள் அவர்களோடு சரிசமமாய் உட்கார்ந்து கம்பளி நூற்றாள். அந்த நூலைத் துணியாக நெய்வித்து, ஏழைகளுக்கும் அர்ச். பிரான்சிஸ்குவின் சபைச் சகோதரருக்கும் உடையாகக் கொடுத்தாள். ஞானஸ்நானம் பெறப்போகும் ஏழைகளுக்குத் தன் கையாலேயே உடை தைத்தாள். இறந்துபோன ஏழைகளின் உடலைச் சுற்ற வேண்டிய துணியையும் அவளே தைத்தாள். ஒருமுறை தன்னுடைய பெரிய வெள்ளை முக்காட்டையே அதற்காகக் கிழித்துக் கொடுத்தாள்.

அவள் வைத்திருந்த ஒரு வழக்கத்தை நன்றாகக் கவனியுங்கள். செல்வந்தர் இறந்தால் அவர்களைப் புதிய துணியில் சுற்றி அடக்கம் பண்ண அவள் சம்மதிக்க மாட்டாள். பழைய துணி அவர்களுக்குப் போதும். நல்ல துணி உயிரோடிருக்கும் ஏழைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய தீர்மானம். நம் ஊரில் சாவு வீட்டுக்குக் கோடித்துணி கொண்டுபோகிறோம். ஒன்றன்மேல் ஒன்றாக உடலின்மேல் போர்த்துகிறோம். அதில் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அதே தெருவின் கோடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவனுக்கு நாம் என்ன கொடுத்தோம் என்பதே கேள்வி. எலிசபெத்தம்மாள் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள்.

1226-ல் தேசமெங்கும் கொடிய பஞ்சம். லூத்விக் பிரபு இத்தாலிக்குப் போயிருந்தார். அவள் களஞ்சியத்தைத் திறந்துவிட்டாள். கோட்டையின் கீழே ஒரு மருத்துவ விடுதி ஏற்படுத்தி 28 நோயாளிகளை வைத்துப் பராமரித்தாள். அறுவடைக் காலம் வந்ததும், உழைக்கக்கூடியவர்களுக்குச் சட்டையும் செருப்பும் அரிவாளும் கொடுத்து, தங்கள் கையாலேயே பிழைக்கும்படி வயலுக்கு அனுப்பினாள். அவள் தர்மம் மனிதனைப் பிச்சைக்காரனாகவே வைத்திருக்கும் தர்மம் அல்ல.

மறுவருஷம் லூத்விக் பிரபு சிலுவைப் போருக்குப் புறப்பட்டு, செப்டம்பர் 11-ந் தேதி ஓத்ராந்தோ துறைமுகத்தில் காய்ச்சலால் மரித்தார். மூன்று பிள்ளைகளோடு இருபது வயதில் விதவையான எலிசபெத்தம்மாள் அந்தக் குளிர்காலத்தில் கோட்டையைவிட்டு இறங்க நேரிட்டது. நகரத்தில் அவள் கையால் உண்டவர் எத்தனையோ பேர். ஆயினும் அவளைத் துணிந்து சேர்த்துக்கொள்வார் இல்லை. முதல் இரவை ஒரு சத்திரத்தின் கொட்டகையில், முன்பு பன்றிகள் கிடந்த இடத்தில் கழித்தாள். நடுச்சாமத்தில் பிரான்சிஸ்கு சபைச் சகோதரரின் கோவிலுக்குப் போய், தன் துன்பத்துக்காகச் சர்வேசுரனுக்கு நன்றிகூறி தெதேயும் கீதம் பாடும்படி கேட்டுக்கொண்டாள். மறுநாள் கடுங்குளிரில் பிள்ளைகளும் அவளிடம் வந்து சேர்ந்தார்கள். அவர்களைக் கிடத்த இடமில்லை. வீடற்றவனின் இரவு எப்படிப்பட்டது என்பதை அவள் கேள்வியால் அல்ல, தன் உடம்பால் அறிந்தாள்.

பிறகு அவளுக்குச் சேரவேண்டிய பணம் கிடைத்தது. மார்புர்க் நகருக்குச் சென்று, 1228-ல் அர்ச். பிரான்சிஸ்குவின் பெயரால் ஒரு மருத்துவ விடுதி கட்டி, சாம்பல்நிற உடை தரித்து அங்கே ஊழியம் செய்தாள். அவளுடைய ஆத்தும குருவாகிய கொன்ராது என்பவர் அவளை மட்டுக்கு மிஞ்சிய கடுமையோடு நடத்தினார், அடிக்கவும் செய்தார். நானும் ஒரு குருவானவன். அதை மறைக்கவும் மாட்டேன், மெச்சவும் மாட்டேன். அளவுக்கு மேல் தானம் செய்யாதபடி அவர் தடுத்தபோதும் அவள் கைகள் சும்மா இருக்கவில்லை.

அவளுடைய கடைசி மகள் வளர்ந்த ஆல்டன்பெர்க் கன்னியர் மடத்திலிருந்து கம்பளி வரும். அதைக் கூலிக்கு நூற்றுக் கொடுப்பாள். நோயாய்ப் படுத்திருக்கும்போதும் நூற்றாள். இளைப்பாறட்டும் என்று தோழி தக்களியை வாங்கி வைத்துவிட்டால், அடுத்த நூற்புக்காகக் கம்பளியை வெறுங்கையால் பிரித்துப் பிரித்து வைப்பாள். ஒருமுறை முன்கூலி வாங்கியிருந்த வேலையை முடிக்குமுன் வேறிடத்துக்குப் போகவேண்டி வந்தது. நூற்காத கம்பளியைத் திருப்பி அனுப்பியபோது, உழைத்ததற்கு மேல் தன்னிடம் தங்கிவிடக்கூடாதென்று ஒரு கொலோன் நாணயத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

அவளுடைய மேலாடை குட்டையாயிருந்ததால் வேறு நிறத் துணியை ஒட்டி நீளமாக்கியிருந்தாள். கிழிந்த சட்டைக் கையிலும் வேறு நிற ஒட்டு. அவளைத் தாய்நாட்டுக்கு அழைத்துப் போக அங்கேரி மன்னர் அனுப்பிய பிரபு ஒருவர், அரசனின் மகள் கம்பளி நூற்றுக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்துச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். அவள் அவரோடு போகவில்லை.

ஒருநாள் சுற்று வட்டாரத்து ஏழைகளையெல்லாம் மார்புர்க்குக்கு வரவழைத்து, 500 மார்க்கு பணத்தைப் பங்கிட்டாள். மாலையில் திடமுள்ளவர்கள் போய்விட்டார்கள். நிலவு எழும்பியது. பலவீனரும் நோயாளிகளும் போக்கிடமின்றி விடுதியின் வேலியோரத்திலும் முற்றத்து மூலைகளிலும் படுத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு மேலும் பணம் கொடுக்கச் சொன்னாள். குழந்தைகளுக்கும் குறையாமல் கொடுக்கச் சொன்னாள். பிறகு அப்பம் கொடுத்தாள். அதுவும் போதாதென்று முற்றமெங்கும் நெருப்பு மூட்டச் செய்து, அவர்கள் கால்களைக் கழுவி எண்ணெய் பூசுவித்தாள். குளிர் நீங்கிய அந்த ஏழைகள் பாடத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு அவள் மகிழ்ந்தாள்.

1231 நவம்பரில், இருபத்துநான்காம் வயதில், எலிசபெத்தம்மாள் மரித்தாள். 1235-ல் ஒன்பதாம் கிரகோரியார் பாப்பரசர் அவளுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். மறுவருஷம் மே மாதம் முதல் தேதி அவளுடைய திருப்பண்டங்களைப் பெட்டகத்தில் வைத்தபோது, இரண்டாம் பிரெடரிக் பேரரசர் வெறுங்காலோடும் சாம்பல்நிற உடையோடும் வந்து நின்றார். ஏழையின் உடையை அன்று பேரரசர் அணிந்தார்.

பிரியமானவர்களே, அவளுடைய திருநாள் நவம்பர் 17-ந் தேதி வருகிறது. நமக்கு அது மழையும் வாடையும் தொடங்கும் காலம். நன்கொடையாய் வந்த துணிகளைத் துண்டோடு துண்டு இணைத்து, வீடற்றவர்களுக்குப் போர்வை தைத்துக் கொடுப்போர் இன்று பல தேசங்களில் உண்டு. அதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. துணிகளை அடுக்கடுக்காய் வைத்து நெருக்கமாய்த் தையல் ஓட்டினால், இடையில் தங்கும் காற்றே குளிரைத் தடுக்கும். நம் பாட்டிமார் பழஞ்சேலைகளை மடித்துத் தைத்ததும் இப்படித்தான். ஆகவே உங்கள் துணிப்பெட்டியைத் திறக்கும்போது, கிழிந்ததைத் தேடி அடியில் கையை விடாதீர்கள். மேலே இருப்பதை எடுங்கள். துவைத்து, மடித்து, முடிந்தால் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து உங்கள் கையாலேயே தையுங்கள். அதைப் போர்த்திக்கொள்பவன் உங்கள் பெயரை அறியமாட்டான். வேலியோரத்தில் படுத்திருந்தவர்களை மறவாத ஆண்டவர் அறிவார்.