தொண்டால் உயர்ந்த ஊர்

திருமலைக் கோவிலின் பெருவாயிலைக் கடக்கும்போது வலப்புறம் நிமிர்ந்து பாருங்கள். அங்கே ஓர் இரும்புக் கடப்பாரை தெரியும். பொன்னும் மணியும் நிறைந்த கோவிலில் மண் தோண்டும் கருவிக்கு என்ன வேலை? இவ்வினாவுக்குரிய விடை, ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இராமானுசரின் வரலாற்றில் உள்ளது.

இராமானுசர் 1017ஆம் ஆண்டில் திருப்பெரும்புதூரில் பிறந்தார் என்பது வைணவ மரபு. தந்தையார் கேசவ சோமயாசி, தாயார் காந்திமதி. காஞ்சிபுரத்தில் கல்வி பயின்ற காலத்தில் அவர் திருக்கச்சி நம்பி என்னும் அடியாரைக் கண்டார். நம்பி அந்தணர் குலத்தில் பிறந்தவர் அல்லர். எனினும் அவருடைய பக்தியைக் கண்ட இராமானுசர், அவரை ஆசானாகவே மதித்தார். பிறப்பால் ஒருவர் உயர்வதில்லை. பக்தியாலும் தொண்டாலுமே உயர்கிறார் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பின்னர் அவர் துறவு பூண்டு திருவரங்கம் சென்றார். அக்காலத்தில் உயர்ந்த மந்திரப் பொருளைத் தகுதியுடையோர் சிலருக்கு மட்டுமே மறைவாகக் கற்பிப்பர். திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து சென்று அப்பொருளைக் கற்ற இராமானுசர், கோவிலின் மேல்தளத்தில் ஏறி அதனை எல்லாருக்கும் அறிவித்தார். ஆசானின் சொல்லை மீறினால் தமக்கு நரகம் வரும் என்பதை அவர் அறிவார். பலர் உய்வதற்காகத் தாம் ஒருவர் துன்புறுவதை அவர் ஏற்றுக்கொண்டார் என்று மரபு நூல்கள் கூறுகின்றன.

இத்தகைய நம்பிக்கை திருமலையில் மண்ணையும் நீரையும் தொட்டது. இராமானுசரின் தாய்மாமனாகிய திருமலை நம்பி அம்மலையில் வாழ்ந்து, இறைவனின் வழிபாட்டுக்கு நீர் சுமந்து வந்தார். அவரிடம் இராமானுசர் ஓராண்டுக் காலம் மலையடிவாரத்தில் இராமாயணம் கற்றார்.

திருமலையில் மலர்த்தொண்டு செய்யத் தம் சீடருள் யார் செல்வார் என இராமானுசர் ஒருமுறை கேட்டார். காடும் குளிரும் மிகுந்த அம்மலையில் வாழப் பலர் தயங்கினர். அனந்தாழ்வான் மட்டும் முன்வந்தார். அவர் தம் மனைவியுடன் மலைமேல் குடியேறித் தோட்டம் அமைத்தார். தோட்டத்துக்கு நீர் வேண்டி ஏரி ஒன்றைத் தம் கைகளாலேயே வெட்டினார். அவர் மண்ணை வெட்ட, கருவுற்றிருந்த மனைவி அதனைக் கூடையில் சுமந்தார். அப்போது ஒரு சிறுவன் வந்து அம்மையாருக்கு உதவினான். தொண்டில் பிறர் பங்கு கொள்வதை விரும்பாத அனந்தாழ்வான் சினந்து கடப்பாரையை எறிந்தார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. வந்தவன் இறைவனே என்று பின்னர் அவர் உணர்ந்தார் என்பது மரபு வழிக் கதை. மூலவரின் மோவாயில் இன்றும் பச்சைக் கற்பூரம் சாத்துவர். கோவில் வாயிலில் உள்ள கடப்பாரை இக்கதையையே நினைவூட்டுகிறது.

கற்றறிந்த ஒருவர் மண் வெட்டுவதை இழிவாகக் கருதாமல் வழிபாடாகக் கருதினார். உழைப்புக்கு மதிப்புத் தந்த இவ்வெண்ணம் மெல்லப் பரவியது. மலையடிவாரத்தில் இராமானுசர் கோவிந்தராசர் கோவிலை நிலைபெறச் செய்தார். அக்கோவிலைச் சுற்றித் தெருக்கள் எழுந்தன; மலர் தொடுப்போரும் கைவினைஞரும் வணிகரும் குடியேறினர். திருப்பதி நகரம் வளர்ந்தது.

இராமானுசர் மறைந்து ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின், அருகிலுள்ள சந்திரகிரியில் சாளுவ நரசிம்மர் ஆட்சி செய்தார். அவர் காலத்தில் வழிப்போக்கருக்கு உணவளிக்கும் இராமானுச கூடங்கள் தோன்றின. கந்தாடை இராமானுச ஐயங்கார் அவற்றை மேற்பார்வையிட்டார். அந்தணர் அல்லாத அவருடைய சீடர்கள் அப்பணியிலும் கோவில் தொண்டிலும் பங்கு பெற்றனர்.

அக்காலத்தில் அடியார்கள் வழங்கிய பொன் முழுவதும் பெட்டகத்தில் பூட்டப்படவில்லை. அதன் பெரும்பகுதி கோவிலுக்குரிய சிற்றூர்களில் ஏரிகளும் கால்வாய்களும் வெட்டச் செலவிடப்பட்டது. நீர் பாய்ந்ததால் வறண்ட நிலம் நன்செய் ஆயிற்று. கூடுதலாக விளைந்த நெல்லிலிருந்து இறைவனுக்கு அமுது படைக்கப்பட்டது. அடியாரின் நம்பிக்கை உழவரின் வயலுக்கு நீராக மாறியது. இச்செய்திகளைத் திருமலை, திருப்பதிக் கோவில்களின் சுவர்களில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் உள்ளன.

இராமானுசர் கண்ட சமநிலை முழுமையாக நிறைவேறவில்லை. மேல்கோட்டையில் ஒடுக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் எனப் பெயரிட்டுப் போற்றி, அவர்களைக் கோவிலுக்குள் அழைத்தார். ஆயினும் அவர்களுக்கு ஆண்டில் சில நாள்களே அவ்வுரிமை கிடைத்தது. பழைய வேறுபாடுகள் பின்னரும் நீடித்தன. ஒரு நல்ல எண்ணம் விதை போன்றது. அதனை ஒருவர் ஊன்றலாம். நீர் ஊற்றி வளர்ப்பது பின்வருவோர் கடமை.

சொற்பொருள்
அமுது – உணவு
உய்தல் – நற்கதி அடைதல்
நன்செய் – நீர்வளம் மிக்க வயல்
மோவாய் – முகவாய்க்கட்டை

வினாக்கள்
1. இராமானுசர் திருக்கச்சி நம்பியை ஏன் ஆசானாக மதித்தார்?
2. அனந்தாழ்வான் ஏரி வெட்டியது எதற்காக?
3. அடியார் வழங்கிய பொன் உழவருக்கு எவ்வாறு பயன்பட்டது?
4. உங்கள் ஊரில் உள்ள குளம் அல்லது ஏரியை வெட்டியவர் யார் என்று பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.